ஆயிரம் பாஸ், இலக்கில் ஒரே ஷாட்

நவம்பர் 24, 2022

கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் நேற்றிரவு கோஸ்டா ரிக்காவை 7-0 என்று துவைத்து எடுத்துவிட்டது ஸ்பெயின். ஏழில் எனக்குப் பிடித்தது கவி அடித்ததுதான். மொராட்டா தூக்கிப் போட்ட பந்தைத் தரையில் விழவிடாமல், கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி கட்டமான பாக்ஸின் விளிம்பில் நின்றபடியே காலின் வெளிப்புறத்தால் அடித்தான் அந்த 18 வயதுப் பையன். போஸ்டில் பட்டு உள்ளே போனது. பாக்ஸுக்கு வெளியே இருந்தும் கோலை நோக்கி அடியுங்கள் என்று ஸ்பெயின் ரசிகர்கள் நாம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடிக்கத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். இனி அடிப்பார்களா?

நவம்பர் 28, அதிகாலை

ஜெர்மனியுடன் 1-1. ஏழாவது நிமிடத்தில் நம் ஓல்மோ பாக்ஸுக்கு வெளியே இருந்து விட்ட ஷாட், ஜெர்மன் கோல்கீப்பர் நொயரின் கையில் உரசி கிராஸ்பாரில் மோதியது. கொஞ்ச நேரத்தில் ஆல்பாவும் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார், மயிரிழையில் தப்பியது. இரண்டுமே முதல் அரை மணிக்குள். அந்த நேரத்தில் ஜெர்மன் டிஃபெண்டர்கள் தடுமாறியதைப் பார்த்த பிறகும் தூரத்திலிருந்து அடிப்பதை ஏன் விட்டுவிட்டார்கள்? புரியவில்லை.

டிசம்பர் 2

ஜப்பானிடம் 1-2 தோல்வி. பந்து ஏறத்தாழ 82 சதவீத நேரம் ஸ்பெயினிடம்தான் இருந்தது. இடைவேளைக்குப் பின் இறங்கிய ஜப்பானின் டோவான், வந்த மூன்றாவது நிமிடமே பாக்ஸுக்கு வெளியே இருந்து இடது காலால் ஓங்கி அடித்தார். நம் கோல்கீப்பர் உனாய் சிமோன் கை வைத்தும் நிற்கவில்லை. நாம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததை எதிரணி செய்து காட்டிவிட்டது. இரண்டாவது கோலில் பந்து கோட்டைத் தாண்டியதா என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. எப்படியோ அடுத்த சுற்றுக்கு வந்துவிட்டோம்.

டிசம்பர் 7

தூக்கம் வரவில்லை. மொராக்கோவிடம் பெனால்டியில் 0-3. சராபியா, சோலர், புஸ்கெட்ஸ் மூவரும் கோட்டைவிட்டார்கள். ஆனால் ஆட்டம் அங்கே தோற்கவில்லை. அதற்கு முந்தைய 120 நிமிடங்களில் தோற்றது. ஆயிரத்துக்கும் மேல் பாஸ், இலக்கை நோக்கிப் போனது ஒரே ஷாட்!

மொராக்கோ ஆட்டத்தைச் சுலபமாக்கிக்கொண்டது. நான்கு டிஃபெண்டர்கள் பாக்ஸை ஒட்டி, அவர்களுக்கு முன்னால் அம்ரபத், அவருக்கு முன்னால் இன்னொரு வரிசை. யாரும் முன்னேறி வரவில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. கோலிலிருந்து 25 மீட்டரில் நம் பெட்ரி பந்தோடு நின்றால் அவர் பாஸ்தான் கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். தூர ஷாட் கோலாக வேண்டும் என்றுகூட இல்லை. நாலு அடித்தால் ஐந்தாவதைத் தடுக்க ஒருவன் ஓடி வருவான், அவன் விட்டு வந்த இடத்தில் ஓல்மோ புகுந்துவிடுவார். அடிக்கவே மாட்டார்கள் என்றால் சுவர் ஏன் அசைய வேண்டும்? முதல் பாதியில் மொராக்கோவின் மஸ்ராவி தூரத்திலிருந்து அடித்த அடியில் சிமோன் திணறியதை நம் ஆட்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

2018-இல் லுஷ்னிகி மைதானத்தில் ரஷ்யாவிடமும் இதே ஆயிரம் பாஸ், இதே பெனால்டி. நாலு வருடத்தில் என்ன கற்றோம்?

என் வயிறு எரிவது நடுக்கள வீரர் ரோட்ரியை நினைத்துத்தான். போன வருடம் இங்கிலாந்து கிளப் எவர்டனுக்கு எதிராக பாக்ஸுக்கு வெளியே இருந்து இடிபோல ஒன்று இறக்கினாரே, அந்த மனிதரை இந்தத் தொடர் முழுக்க பின்வரிசை நடுவில் சென்டர்-பேக்காக நிறுத்தினார் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே. அடிக்கக்கூடியவர் கோலுக்கு எட்டாத தூரத்தில்! தூரத்திலிருந்து அடிக்கத் தெரிந்த இன்னொரு நடுக்கள வீரர் ஃபாபியான் ரூயிஸை அணியிலேயே எடுக்கவில்லை.

டிசம்பர் 9

லூயிஸ் என்ரிகே போய்விட்டார். 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த லூயிஸ் தே லா ஃபுவெந்தே வருகிறார். பெரிய பெயர் இல்லை என்று நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 2019-இல் அந்த வயதுப் பிரிவின் யூரோ (ஐரோப்பிய சாம்பியன்ஷிப்) இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-1 என்று வென்றது அவருடைய அணிதான். அன்று ஏழாவது நிமிடத்தில், பாக்ஸுக்கு வெளியே இருந்து முதல் கோலை அடித்தவர் ஃபாபியான் ரூயிஸ். அவரைக் கூப்பிடுங்கள். ரோட்ரியை நடுக்களத்துக்குக் கொண்டுவாருங்கள். மார்ச்சில் யூரோ தகுதி ஆட்டங்கள் தொடங்குகின்றன.