பதினான்கு பேரில் ஒன்பதாவது ஆளாக பேஸ் எடுத்த அனுபவம்

விடுமுறைக்கு வட்டக்கச்சி வீட்டுக்கு வந்து நிற்கிறேன். சித்தப்பாவின் மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு விமானியாக வேண்டும் என்று நிற்கிறான். நேற்று மாமரத்தடியில் இருந்து கேட்டான், "அண்ணா, கம்பெனியில சேர்ந்தவுடன எந்தப் பிளேன் ஓட்டுறது, எந்த ஊரில இருக்கிறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது?" நல்ல கேள்வி. பயிற்சிக்கு எவ்வளவு காசு, கண்ணாடி போட்டால் எடுப்பார்களா என்றெல்லாம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் சேர்ந்த பிறகு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றுவது இதுதான், அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது கனடாவில், சொல்வது அங்கே நான் கண்ட முறை. கட்டுநாயக்கவிலிருந்து பறக்கும் நம் நாட்டு விமானிகளுக்கு ஊர்க் கேள்வி (எந்த ஊரிலிருந்து வேலையைத் தொடங்குவது என்பது, அந்த ஊரைத்தான் பேஸ் என்போம்) அநேகமாக எழாது, சின்ன ஏர்பஸ்ஸா பெரிய ஏர்பஸ்ஸா என்பதுதான் இருக்கும். கனடா மாதிரி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகவே ஐந்தாறு மணிநேரம் பறக்கவேண்டிய நாட்டில் கதை வேறு.

என் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எனக்கு வானத்துச் சத்தம் என்றால் கிபிர் போர்விமானமும் வண்டு என்று நாங்கள் சொல்கிற ஆளில்லா வேவு விமானமும்தான், கேட்டவுடன் பங்கருக்குள் ஓட்டம். 2009இற்குப் பிறகு முகாம், பிறகு மாமா வழியாகக் கனடா. ரொறொன்ரோவில் இரவு வேலை செய்து பறக்கப் படித்தேன், பிறகு வட மனிடோபாவில் பனிக்குள் நின்று பெட்டி ஏற்றினேன். அங்கே சின்னக் கம்பெனிகளில் முதலில் தரையில் வேலை செய்தால்தான் பிறகு ஆசனம் தருவார்கள். 2020இல் எல்லாம் நின்றுபோனது. பிறகு டாஷ் 8 விமானத்தில் மூன்று வருசம். 1500 மணிநேரம் தாண்டி பெரிய உரிமமும் கிடைத்து, ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது எனக்கு 31 வயது.

சரி, விசயத்துக்கு வருவோம். கம்பெனி உங்களைத் தனியாக எடுப்பதில்லை, ஒரு வகுப்பாக எடுக்கிறது. எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியோரிட்டி நம்பர் தருவார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் லீவு, எப்போது கப்டன் என்று எல்லாவற்றையும் அந்த நம்பர்தான் தீர்மானிக்கும். நீங்கள் எவ்வளவு திறமாக ஓட்டினாலும் அது மாறாது, வேறு கம்பெனிக்குப் போனால் திரும்பவும் அடியிலிருந்துதான். ஒரே நாளில் சேர்ந்த பதினான்கு பேருக்குள் யார் முந்தி என்பதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு வழி உண்டு. சில இடங்களில் சீட்டுக் குலுக்குவார்கள், அமெரிக்காவில் சில கம்பெனிகளில் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்ப்பார்கள். எங்களுக்கு வயது. மூத்தவர் முதலில். நான் ஒன்பதாவது.

இதில் ஒரு நியாயம் இருப்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சர்வதேசப் பயணிகள் விமானத்தில் 65 வயதுக்கு மேல் ஓட்ட முடியாது. வகுப்பில் மூத்தவருக்கு 52 வயது, அவருக்கு மிச்சம் பதின்மூன்று வருசம்தான். அவர் முதல் ஆளாக எழும்பி, ஒரு கணமும் யோசிக்காமல், தன் வீட்டுக்குப் பக்கத்து பேஸில் இருந்த சின்ன விமானத்தை எடுத்தார். கடைசி ஆள் 23 வயதுப் பொடியன், மிஞ்சியதைத்தான் எடுத்தான். ஆனால் அவனுக்கு மேலே இருக்கிற நாங்கள் பதின்மூன்று பேரும் அவனுக்கு முன் ஓய்வு பெற்றுவிடுவோம், கடைசி வருசங்களில் எங்கள் வகுப்பில் மேலே நிற்கப் போவது அவன்தான்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு தாள் தந்தார்கள். பதினான்கு வெற்றிடங்கள், 777உம் 787உம் பெரிய விமானங்கள், 320உம் 737உம் சின்னவை. 777இல் ரிலீஃப் பைலட், ரொறொன்ரோ. 787இல் ரிலீஃப் பைலட், வன்கூவர். 320இல் துணை விமானி, ரொறொன்ரோ இரண்டு, மொன்றியல் நான்கு. 737 வன்கூவர். இப்படி. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிட எழும்பிச் சொல்லவேண்டும், பிறகு மாற்ற முடியாது, எடுத்த விமானத்தில் குறிப்பிட்ட காலம் கட்டி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் ஒரு ஆளை ஒரு விமானத்துக்குப் பயிற்றுவிக்கப் பெரிய செலவு. கையில் ஒரு இரவு.

எனக்குப் பெரிய விமானத்தில்தான் மனம். ஒளிக்கவில்லை. ஊரில் எவரோடு கதைத்தாலும் முதலில் கேட்பது "பெரிய பிளேனோ?" என்றுதான். ஆனால் ரிலீஃப் பைலட் என்பது நீண்ட தூரப் பறப்பில் மற்ற இருவரும் நித்திரை கொள்ளும்போது மேலே பார்த்துக்கொள்கிற ஆள். ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையில் இல்லை. டாஷ் 8இல் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் இறக்கிப் பழகிய கைக்கு அது எப்படியிருக்கும் என்று யோசித்தேன். சம்பளமும் உதவவில்லை, எங்கள் ஒப்பந்தப்படி முதல் வருசம் எந்த விமானமானாலும் ஒரே காசு.

மனைவி ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் நேர்ஸ், மகளுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டை மாற்றுவது நடக்காத காரியம். ரொறொன்ரோ இடங்கள் எனக்கு முன்னால் இருக்கிற எட்டுப் பேரோடு முடிந்துவிடும் என்று சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிட்டது (எல்லாரிடமும் மரியாதையாகக் கேட்டேன், ஒருவரும் ஒளிக்கவில்லை, நீங்களும் கேளுங்கள்). எனக்கு வரப் போவது வன்கூவர் 787 அல்லது மொன்றியல் 320.

இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கோல் எடுத்தேன், இங்கே அடுத்த நாள் காலை ஆறரை. அப்பா வயலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கதையும் சொன்னேன். அவருக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நாற்பது வருசம் விதைத்தவர், சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாத வருசங்களில் கூட்டம் வைத்து ஏக்கர் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பதை எத்தனையோ தரம் கண்டவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, பெரிய வாய்க்கால் எண்டு பார்த்து வால்ப்பக்கம் காணி எடுக்காதை. சின்ன வாய்க்கால் எண்டாலும் தலைப்பக்கமா எடு. தண்ணி முதல் ஆருக்கு வருதெண்டுதான் பார்க்கோணும்" என்றார்.

அதற்குப் பிறகு கணக்குப் போட எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. கொப்பியை எடுத்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே கேள்வியை எழுதினேன்: அடுத்த ஆறு மாதத்தில் எனக்குக் கீழே எத்தனை பேர் வருவார்கள்? வன்கூவர் 787இல் வெற்றிடம் எப்போதாவது ஒன்றுதான் வரும், வருசக்கணக்காக நான்தான் கடைசி. மொன்றியல் 320 ஆட்கள் வந்து வந்து போகிற இடம், ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நான்கு பேர் உள்ளே வருவார்கள், பழையவர்கள் ரொறொன்ரோவுக்கு மாறிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் 320 படித்தால் 319, 321 எல்லாவற்றுக்கும் அதே தகுதி போதும். விமானத்தைத்தான் கட்டி வைத்திருந்தார்கள், ஊரை அல்ல: அதே விமானத்தில் வேறு ஊருக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தப் புத்தகத்தில் இருந்த இந்த ஒரு வரியை இரவு பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தேன். தயவுசெய்து அந்தப் புத்தகத்தை முதல் நாளே வாசியுங்கள்.

காலையில் பெயர் கூப்பிட்டபோது "320, துணை விமானி, மொன்றியல்" என்றேன்.

லேசாக இருக்கவில்லை. முதல் மாதங்களில் எனக்கென்று அட்டவணை இல்லை, ரிசேவ், அதாவது கூப்பிட்டால் இரண்டு மணிநேரத்தில் மொன்றியல் விமான நிலையத்தில் நிற்கவேண்டும். ஸ்காபரோவில் இருந்துகொண்டு அது முடியாது, அதனால் அங்கே ஆறு விமானிகள் பங்குபோட்ட ஒரு வீட்டில் ஒரு கட்டிலுக்கு வாடகை கட்டினேன். வேலைக்குப் போய்வருகிற பறப்பில் எங்களுக்கு உறுதியான இடம் கிடையாது, பயணிகள் ஏறி மிஞ்சினால்தான். ஒரு தை மாதம் பனிப்புயல், பின்னேர விமானங்கள் இரண்டும் நிரம்பிவிட்டன, காலை ஐந்து மணிக்கு ரிசேவ் தொடங்குகிறது. காரை எடுத்து 401 நெடுஞ்சாலை வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், கிங்ஸ்டனுக்கு அப்பால் முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, கூப்பிடுபவரிடம் "களைப்பு, என்னால் இன்றைக்குப் பறக்க முடியாது" என்று உண்மையைச் சொன்னேன். அப்படிச் சொல்வது எங்கள் கடமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாள் முந்தியே போய்விடுவேன். பேஸ் தெரிவு செய்யும்போது விமான நேரத்தை மட்டும் பார்க்காமல், விமானம் இல்லாத இரவில் எப்படிப் போவேன் என்றும் பாருங்கள். வன்கூவர் எடுத்திருந்தால் எனக்கு அந்தக் காரும் உதவியிராது.

ஐந்தாம் மாதம் எனக்குக் கீழே இருபதுக்கு மேல் ஆட்கள். ஏழாம் மாதம் முதல் தடவையாக ஒழுங்கான அட்டவணை, மகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் நின்றேன். பதினான்காம் மாதம் ரொறொன்ரோ 320இல் இடம் வந்து கிடைத்தது.

அன்றைக்கும் அப்பாவுக்குத்தான் முதல் கோல். "இப்ப தலைப்பக்கமோ?" என்று கேட்டார். இல்லை அப்பா, ரொறொன்ரோவில் எல்லாரும் பழைய ஆட்கள், திரும்பவும் வால்ப்பக்கம்தான், திரும்பவும் ரிசேவ்தான் என்றேன். ஆனால் இந்த முறை போன் அடிக்கும்வரை என் வீட்டுக் குசினியில் மகளுக்குப் புட்டு ஊட்டிக்கொண்டிருக்கலாம்.