கட்டியைக் கரைத்தது மாத்திரை அல்ல

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுத்தே கிடந்த நாட்களில் என் இடது கால் மட்டும் வீங்கியது. கெண்டைக்காலைத் தொட்டால் சூடு, அழுத்தினால் வலி. டாக்டர் அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் கருவியால் சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை, மேலிருந்து அழுத்துகிறார்கள். நல்ல சிரை அமுங்கி மூடிக்கொள்ளும். உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால் அமுங்காது. என் முழங்காலுக்குப் பின்னால் இருந்த சிரை அமுங்கவில்லை.

வயிற்றுத் தோலில் ஹெபாரின் ஊசி, கூடவே வார்ஃபரின் மாத்திரை. இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. "கட்டி எப்போது கரையும் டாக்டர்?" என்று கேட்டேன். "இந்த மருந்து கரைக்காது. உங்கள் உடம்புதான் கரைக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பொறுமையாக விளக்கினார்; மீதியை நானே தேடிப் படித்தேன்.

காயம் பட்டால் முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் ரத்தத்தில் உள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது. அது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் வலையாகப் பின்னி ரத்த அணுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. அசையாமல் கிடந்தால் சிரையில் ரத்த ஓட்டம் மந்தமாகும். அறுவை சிகிச்சையே உறையும் தன்மையைக் கூட்டும். என் விஷயத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

என்னை வியக்க வைத்தது இதற்கு அடுத்த பகுதிதான். வலை பின்னப்படும்போதே பிளாஸ்மினோஜன் என்ற புரதமும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் டி.பி.ஏ. என்ற பொருளை வெளியிடும்போது இந்தப் பிளாஸ்மினோஜன் பிளாஸ்மினாக மாறி, ஃபைப்ரின் இழைகளை வெட்டத் தொடங்குகிறது. அதாவது, கட்டியைக் கரைக்கும் சரக்கு கட்டிக்குள்ளேயே இருக்கிறது! வெட்டுப்பட்ட துண்டுகளில் ஒன்றைத்தான் டி-டைமர் பரிசோதனையில் அளக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் அது எப்படியும் கூடியிருக்கும் என்பதால் எனக்கு நேராக ஸ்கேனுக்கே அனுப்பினார்கள்.

அப்படியானால் மருந்து எதற்கு? கரைவதை விட வேகமாகப் புதிதாக உறைந்தால் கட்டி வளரும். ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று என் வீட்டாரிடமும் டாக்டர் சொல்லிவைத்தார். வார்ஃபரின், கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு உறைதல் காரணிகளைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பவை தீர நாளாகும். அதுவரை பாதுகாக்கவே ஹெபாரின். குறைந்தது 5 நாள், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை எண்) 2-ஐத் தொட்டு நிலைக்கும்வரை.

பிறகு 2-க்கும் 3-க்கும் நடுவில் ஐ.என்.ஆரை நிலைநிறுத்தும் பாடு. அளவு குறைந்தால் உறையும், மிஞ்சினால் ரத்தம் கசியும். கீரையில் வைட்டமின் கே உண்டு; ஆனாலும் அதை விடச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். வலி மாத்திரை எதையும் கேட்காமல் போடக்கூடாது. பல் மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீக்கம் மெதுவாகத்தான் வடிந்தது. உள்ளே வேலை நடக்கிறது என்று தெரிந்திருந்ததால் பதறவில்லை, ஒரு வேளை மாத்திரையையும் விடவில்லை.

மூன்று மாதச் சிகிச்சை முடிவில் எடுத்த ஸ்கேனில் ரத்தம் தாராளமாக ஓடியது. சிரையின் சுவரில் கொஞ்சம் தடிப்பு மிச்சம். அது தழும்பு, பலருக்கும் இருப்பதுதான் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தினார். இனி எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிடும்படி என் கோப்பின் மேல் எழுதியும் கொடுத்தார்.