அரேனா மெக்சிகோவில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி

மெக்சிகோ சிட்டிக்குப் போகிறவர்கள் வழக்கமாக தியோத்திவாக்கான் பிரமிடு, ஃப்ரிடா காலோவின் நீல வீடு, மானுடவியல் அருங்காட்சியகம் என்று பட்டியல் போடுவார்கள். நானும் போட்டேன், போனேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹூஸ்டனிலிருந்து நான் விமானம் ஏறியதற்கு உண்மையான காரணம் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அரேனா மெக்சிகோவில் நடக்கிற லூச்சா லிப்ரே. நாம் டிவியில் பார்த்து வளர்ந்த ரெஸ்லிங்கின் மெக்சிகோ பங்காளி. (செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. இது தெரியாமலே நிறையப் பேர் அங்கே போகாமல் இருக்கிறார்கள்.)

ரெஸ்லிங் ரசிகனாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து வயதில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டிரம்ப் கார்டில் ரேங்க், ஹைட், வெயிட், பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கலாம், அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று வகுப்பில் சத்தியம் செய்யலாம். தாத்தாவும் தன் பங்குக்கு தாராசிங் – கிங்காங் கதையை எடுத்து விடுவார். முப்பதைத் தாண்டியும் பார்க்கிறேன் என்றால்தான் ஆபீஸில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "எல்லாம் ஃபிக்ஸிங் மச்சி, அது கூடவா தெரியாது?" தெரியும் மச்சி. எட்டாம் வகுப்பிலேயே தெரியும். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் ரிங்குக்கு வருகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே பார்க்கிறோம் என்பதைத்தான் கேட்கிறவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை.

இது ஸ்போர்ட்ஸா இல்லையா என்ற சண்டையை ரசிகர்கள் மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை, அரசாங்கம் வரைக்கும் போயிருக்கிறது. 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டில் போய், நாங்கள் நடத்துவது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டவர்கள் வேறு யாருமில்லை, நாம் டிவியில் பார்த்த ரெஸ்லிங்கை நடத்துகிற, அப்போது டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற பெயரில் இருந்த இன்றைய டபிள்யூ டபிள்யூ ஈ கம்பெனிதான். ரகசியம் காக்கவே பிறந்தது போல் இருந்த தொழில், விளையாட்டுக் கமிஷனின் கண்காணிப்பும் அதனோடு வருகிற வரியும் கட்டணமும் போனால் போதும் என்று தானே முன்வந்து உண்மையைச் சொன்னது. காசு என்றால் எல்லா வேஷமும் கலையும்.

மெக்சிகோவில் கதை நேர் எதிர். மெக்சிகோ சிட்டியில் குத்துச்சண்டைக்கு இருப்பதுபோல் லூச்சாவுக்கும் விளையாட்டுக் கமிஷன் உண்டு. முகமூடி போட்டு ரிங்கில் ஏறவேண்டும் என்றால் வருஷக்கணக்கில் ஜிம்மில் பழகி, கமிஷன் ஆட்கள் முன்னால் செய்துகாட்டி, தேர்வில் தேறி உரிமம் வாங்கவேண்டும். அதே நகரம்தான் 2018இல் லூச்சா லிப்ரேயைத் தன் பண்பாட்டு மரபு என்றும் அறிவித்தது. ஒரு கையில் விளையாட்டு உரிமம், இன்னொரு கையில் கலைக்கான பட்டம். அவர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

சரி, ஊருக்கு வருவோம். பால்டெராஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன். இந்த ஊர் மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படமும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வழி கண்டுபிடிக்கட்டும் என்று வைத்தது. பால்டெராஸுக்கு ஒரு பீரங்கி. படியேறி மேலே வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி அளவு. இந்தக் காற்றில் மூன்று சுற்று சண்டை போடுகிறவர்களை நினைத்துக்கொண்டே நடந்தேன். அரேனா இருக்கிற பகுதியின் பெயர் டாக்டோரெஸ். தெருவுக்கெல்லாம் டாக்டர்களின் பெயர். டாக்டர் லவிஸ்டா தெருவில் திரும்பியதுமே நடைபாதை முழுக்க முகமூடிகள் தொங்குகின்றன. வெள்ளி, நீலம், தங்கம், பொம்மைத் தலைகளில் மாட்டி வரிசையாக. பக்கத்தில் கல்லில் இறைச்சி வேகிற புகை. டிக்கெட் இருக்கு, முன்வரிசை இருக்கு என்று ஒருவர் காதோரம் சொல்லிக்கொண்டே பின்னால் வருகிறார். பிளாக்கில் டிக்கெட் விற்கிறவருக்கு மொழியே தேவையில்லை, அந்தக் குரல் நம்மூர் தியேட்டர் வாசலில் கேட்டதேதான். நான் கவுன்ட்டருக்கே போய் வாங்கிக்கொண்டேன்.

கட்டடம் வெளியிலிருந்து ஒரு பெரிய குடோன் மாதிரிதான் இருக்கும். 1956இல் திறந்தது. 1968 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைப் போட்டிகள் முழுக்க நடந்தது இங்கேதான், ஜார்ஜ் ஃபோர்மேன் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியதும் இதே கூரைக்குக் கீழேதான். இதைக் கட்டியவர் சால்வடோர் லுட்டெரோத். அவர் வரித்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எல்லையோர வேலையில் இருந்தபோது அந்தப் பக்கம் டெக்சாஸின் எல் பாசோவில் ரெஸ்லிங் பார்த்து மயங்கிப்போய் 1933இல் தானே ஒரு கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி பெயர் மாறி, சி.எம்.எல்.எல். என்று இன்றைக்கும் ஓடுகிறது. இன்று உலகத்தில் இயங்குகிற ரெஸ்லிங் கம்பெனிகளில் அதுதான் மூத்தது. வரி வசூலிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு ரசனை இருந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

உள்ளே மூன்றாவது வரிசை. இடது பக்கம் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, மிஸ்டிகோ என்ற பிரபல வீரரின் முகமூடி போட்ட ஒரு பையன். பின்னால் எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, கையில் உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் சிவப்பாகக் காரச் சாறும் எலுமிச்சையும். முதல் ஆட்டம் தொடங்கும்வரை அவர் சாதுவாகத்தான் இருந்தார். அறிவிப்பாளர் "தோஸ் தெ த்ரெஸ் காயிதாஸ், சின் லிமிதே தெ தியெம்போ" என்று இழுத்து முடித்தார். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்கவேண்டும், நேர வரம்பு கிடையாது. அவ்வளவுதான், பாட்டி எழுந்துவிட்டார். இங்கே இரண்டு கட்சி: சட்டப்படி ஆடுகிற நல்லவர்கள் தெக்னிகோ, கள்ள ஆட்டம் ஆடுகிறவர்கள் ரூடோ. நல்லவர்களுக்குத்தான் கைதட்டு என்று நினைத்துவிடாதீர்கள், பாட்டி பரம ரூடோ ரசிகை. நல்ல பையன் ஒருவன் கயிற்றில் ஏறி கை கூப்பியதும் அவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஐந்து சுரத்தில் ஒரு விசில் அடித்தார். அந்த விசில் அம்மாவை இழுத்துத் திட்டுகிற கெட்டவார்த்தை என்று மெக்சிகோவில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்து அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. இது ஸ்போர்ட்ஸ்தானா என்று கேட்டேன். நான் என்னவோ தண்ணீர் ஈரமா என்று கேட்டுவிட்ட மாதிரி பார்த்து, "ஆமாம், பின்னே?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "யார் ஜெயிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே" என்றார்.

டிவியில் பார்க்கும்போது தெரியாத ஒன்று மூன்றாவது வரிசையில் தெரிந்தது. சத்தம். ரிங்கின் தரை பலகை, மேலே மெல்லிய மெத்தை, அவ்வளவுதான். முதுகு விழுந்தால் நம் நாற்காலி வரைக்கும் அதிர்கிறது. நெஞ்சில் கையை விரித்து அறைகிற அறை இருக்கிறதே, அதில் நடிப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு அறை விழுந்ததும் தோலில் விரல் தனித்தனியாகச் சிவந்து எழும்பியது, அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை அந்தத் தடம் போகவில்லை. ஒரு இளைஞன் ஓடிவந்து கயிறுகளுக்கு நடுவே தலைமுதலாகப் பாய்ந்து எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ரூடோ மேல் விழுந்தான். இரண்டு பேரும் சேர்ந்து தடுப்புக் கம்பியில் மோதினார்கள். கூட்டம் எழுந்து கத்துகிறது, பையன் முகமூடி கோணிப்போக என் மடிமேல் ஏறிவிட்டான். அப்போதுதான் கவனித்தேன், தரையில் கிடந்த ரூடோ, கண்ணை மூடி வலியில் நெளிந்துகொண்டே, மேலே கிடந்தவனின் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தரம் அழுத்தினார். அவன் திரும்ப ஒரு தரம் அழுத்தினான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். உடனே எழுந்து அவன் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

என்னிடம் இனி யாராவது கேட்டால் அந்த மணிக்கட்டைத்தான் சொல்வேன். கிரிக்கெட்டில் பவுலர் விக்கெட் எடுக்கப் பார்க்கிறார், கபடியில் பிடிக்கிறவர் பிடிக்கத்தான் பார்க்கிறார். இங்கே பாய்கிறவன் தன் கழுத்தை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பாய்கிறான், அவர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஆள் அவ்வளவுதான். போட்டி என்பது எதிராளியைத் தோற்கடிக்கப் பார்ப்பது என்றால், இது போட்டியே இல்லை. ஆகவே ஸ்போர்ட்ஸும் இல்லை. இதைச் சொல்வதில் ரசிகனாக எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஆனால் அடுத்த வரியாக "அப்போ பொய்" என்று யாராவது சொன்னால்தான் கோபம் வருகிறது.

ஏனென்றால் அந்தக் கை தவறுகிற நாட்களும் உண்டு. 2015 மார்ச்சில் டிஹுவானாவில் நடந்த ஆட்டத்தில் பெர்ரோ அகுவாயோ ஜூனியர் கயிற்றின்மேல் விழுந்து அப்படியே தொங்கினார். எதிரே நின்றவர் நமக்கெல்லாம் தெரிந்த ரே மிஸ்டீரியோ. வழக்கமான உதை, வழக்கமான விழுதல், ஆயிரம் தரம் எல்லோரும் செய்ததுதான். கழுத்து எலும்பில் அடி. அவர் அசையாமல் கிடந்தும் ஆட்டம் சற்று நேரம் தொடர்ந்தது. கிடப்பது நடிப்பில்லை என்று ரிங்கில் இருந்தவர்களுக்கே உடனே பிடிபடவில்லை. இறந்தபோது வயது 35. எழுதிவைத்த முடிவில் அது இல்லை.

அன்றைக்குக் கடைசிக்கு முந்தைய ஆட்டம் முடிக்கு முடி. பந்தய ஆட்டம் என்று இதற்குத் தனி மரியாதை. முகமூடி இருக்கிறவர் முகமூடியை வைப்பார், இல்லாதவர் தலைமுடியை. இரண்டு பேரும் நடுவயதைத் தாண்டியவர்கள், வயிறு கொஞ்சம் தெரிகிறது, ஆனால் கூட்டத்தை எப்போது எழுப்பவேண்டும், எப்போது உட்காரவைக்கவேண்டும் என்று அத்துப்படி. மூன்றாவது சுற்றில் பாட்டியின் ஆள் தோற்றார். ரிங்குக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். சலூன்காரர் மெஷினோடு ஏறினார். தோற்றவர் முதலில் வாதாடினார், அப்புறம் தானே போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். தோள்வரை இருந்த முடி, நெற்றியிலிருந்து பின்னோக்கி ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு. வியர்வையில் ஒட்டிய கத்தைகளை ஜெயித்தவர் பொறுக்கி உயர்த்திக் காட்டுகிறார். பின்னாலிருந்த பாட்டி விசில் அடிக்கவில்லை, கெட்டவார்த்தை சொல்லவில்லை, எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். தோல்விக்குக் காசு நன்றாகவே கிடைக்கும் என்பார்கள். இருந்தாலும் மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது அந்த மொட்டைத் தலையோடுதானே போகவேண்டும்?

முகமூடி என்றால் இன்னும் கனம். முடி வளரும், கழற்றிய முகமூடி வழக்கப்படி திரும்ப ஏறாது. (ரே மிஸ்டீரியோ 1999இல் அமெரிக்காவில் இழந்துவிட்டு 2002இல் மறுபடியும் போட்டுக்கொண்டார். இதைச் சொன்னால் அங்கே சிலருக்கு இன்னும் முகம் சுளிக்கிறது.) வெள்ளி முகமூடிக்காரர் எல் சாண்டோ நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆடினார், படங்களில் நடித்தார், முகத்தை மட்டும் காட்டவேயில்லை. 1984 ஜனவரியில் ஒரு டிவி நிகழ்ச்சியில் திடீரென்று முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். துரியோதனன் விழப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும், வருஷா வருஷம் விழுகிறான். ஒருவரும் "முடிவு தெரிஞ்ச கதைதானே" என்று வீட்டில் படுத்துத் தூங்குவதில்லை. அங்கே போய் யாராவது ஸ்கோர் கேட்பார்களா? என் ஆபீஸ் நண்பனிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்போ டிராமான்னு சொல்லு, எதுக்கு பெல்ட்டு, ரெஃப்ரி?" என்றான். நியாயமான கேள்விதான். பெல்ட்டும் ரெஃப்ரியும் இல்லாவிட்டால் எதை மீறி ரூடோ கள்ள ஆட்டம் ஆடுவார்? ரெஃப்ரி திரும்பிய நேரத்தில் முகமூடியைப் பிய்க்கவேண்டும் என்றால் முதலில் திரும்ப ஒரு ரெஃப்ரி வேண்டுமே. விளையாட்டின் சட்டதிட்டம் முழுவதையும் கடன் வாங்கிக்கொண்டு, அதை உடைக்கும்போது வருகிற ஆத்திரத்தில்தான் இந்தக் கலை பிழைக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமைதான் பெரிய ஆட்டம். ஞாயிறு சாயந்திரம் குழந்தைகளோடு வருகிற குடும்பக் கூட்டம், செவ்வாயும் உண்டு. பெரிய கேமராவை உள்ளே விடுவதில்லை, போனில் எடுக்கலாம். பை வைத்திருந்தால் சோதனையில் நேரமாகும், வெறுங்கையோடு போங்கள். முன்வரிசை வேண்டவே வேண்டாம், ஆட்கள் மேலே வந்து விழுவார்கள், பீர் கொட்டும். மூன்றிலிருந்து ஆறாவது வரிசைக்குள் எடுத்தால் சத்தமும் கேட்கும், சட்டையும் நனையாது. வாசலில் விற்கிற முகமூடிகளில் மலிவானது மெல்லிய துணி, காட்சிக்குத்தான் ஆகும். பின்பக்கம் கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி இருக்கிறதா, கண்ணுக்கு வலை வைத்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பேரம் பேசலாம். மெட்ரோ வார நாட்களில் நள்ளிரவு வரை ஓடும் என்றாலும் ஆட்டம் முடிந்து அந்தத் தெருக்களில் தனியாக நடக்கவேண்டாம் என்று பக்கத்து சீட் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வாசலிலேயே டாக்ஸி போட்டுக்கொண்டேன். ஏறுவதற்கு முன்னால் எதிர்க்கடையில் டாக்கோ சாப்பிடுங்கள், பச்சைச் சாறு பார்க்கச் சாதுவாக இருக்கும், சிவப்பை விட அதுதான் காரம்.