லாராவோடு ஒரு மழை மாலை

சுங்கை சிப்புட்டில் மழை விடுகிற மாதிரி இல்லை. அக்கா மகனுக்குக் காட்டலாமே என்று 1996-இல் வந்த டூம் ரெய்டர் வீடியோ கேமைப் போட்டேன், 2024 மறுபதிப்பில். ஒரு பொத்தானைத் தட்டினால் அதன் நாயகி லாரா பழைய கூர்மூக்கு உருவத்தில் வந்துவிடுவாள். எனக்கு அவள்தான் சரி.

பையன் வந்த வேகத்தில் லாராவை ஓடிக் குதிக்க வைத்தான். பள்ளத்தில் எலும்பு முறிந்த சத்தம்! விளிம்பில் நின்று, பின்பக்கம் ஒரு துள்ளல், அப்புறம் ஓட்டம், தாவும் பொத்தானை விடாமல் அழுத்தணும். அப்போதுதான் சரியாக விளிம்பில் காலூன்றித் தாவுவாள்.

"மேப் எங்கே மாமா?"

அதெல்லாம் கிடையாதுடா. கண்ணைத் திறந்து சுவரைப் பார்.

பெரு பள்ளத்தாக்கில் டைனோசர் வரப்போவதை மட்டும் நான் சொல்லவே இல்லை. அலறினான் பாருங்கள், அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்!