ஒன்பதாவது ரீல்

சினிமா வியாபாரத்தில் எங்கள் மாவட்டத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. மதுரையோடு சேர்த்து ‘எம்.ஆர். ஏரியா’ என்பார்கள், மதுரை, ராம்நாடு. படப்பெட்டி முதலில் மதுரையில் ஓடும், பிறகு பரமக்குடி, ராமநாதபுரம். கடைசியாகக் கடற்கரை ஊர்களுக்கு வந்து சேரும்போது கீறல் விழுந்து விழுந்து பிரிண்டில் மழை பெய்ய ஆரம்பித்திருக்கும். உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகிற வழியில் அப்படிப்பட்ட ஒரு தியேட்டரில் 1984இல் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்புறம் லைசென்ஸ் வாங்கி ஆபரேட்டர் ஆனேன். 28 வருஷம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கேபினில் ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு ஓட்டைகள். ஒன்று வெளிச்சம் போக, ஒன்று நான் பார்க்க. என்னுடைய ஓட்டை உள்ளங்கை அகலம்தான். அதன் வழியாகத் திரையைப் பார்த்ததைவிடத் தலைகளைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு ஸ்பூல் 20 நிமிடம் சொச்சம் ஓடும். அதற்குள் அடுத்த மெஷினில் அடுத்த ஸ்பூலைக் கோத்து, வெளிச்சத்துக்காக எரிகிற கார்பன் குச்சியைப் பொருத்தி, தயாராக நிற்க வேண்டும். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வந்து போகும். அதைப் பார்த்ததும் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது பொட்டு. அப்போது மாற்ற வேண்டும். ஒரு பொட்டைத் தவறவிட்டால் திரை வெள்ளையாகிவிடும், தரை டிக்கெட்டிலிருந்து என் தாயார் வரைக்கும் விசாரிப்பார்கள். மற்றபடி குச்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. குச்சி எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். கவனிக்காவிட்டால் வெளிச்சம் மங்கிப் படம் பழுப்பாகிவிடும்.

ஒரு படத்தை வாரம் முழுக்க, ஒரு நாளைக்கு மூன்று தரம் பார்க்கிறவனுக்குக் கதை நாலாவது காட்சியிலேயே செத்துப்போகும். அப்புறம் வேறு எதையாவது பார்க்கத் தொடங்குவோம். பின்னால் நிற்கிற துணை நடிகர் எங்கே பார்க்கிறார், நாயகி வைத்திருக்கிற குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, இப்படி. காலிக் குடத்தைத் தூக்கி நடக்கிற நடை வேறு, நிறை குடத்தோடு நடக்கிற நடை வேறு. பெரிய பெரிய படங்களில் எல்லாம் காலிக் குடம்தான்.

எங்கள் ஊர் ஆட்களும் அப்படித்தான் பார்த்தார்கள். அவர்கள் யாரும் விமர்சனம் படித்தவர்கள் இல்லை. தடைக்காலம் வந்து படகு கரையேறி நின்றால் மூன்று காட்சிக்கும் வருவார்கள். வாடைக்காற்று பலமாக அடித்துக் கடலுக்குப் போக முடியாத நாளிலும் கூட்டம் இருக்கும். ஒருவன் இருபது பேரை அடித்து வீழ்த்தினால் கைதட்டுவார்கள். ஆனால் வலையை வீசின மறு நொடி, மடி நிறைய மீனோடு இழுத்துவிட்டால் போச்சு. “ஏண்ணே, நமக்கும் அந்த வலை எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க” என்று இருட்டிலிருந்து குரல் வரும். பொய்ச் சண்டையை மன்னிப்பார்கள், பொய் வேலையை மன்னிக்க மாட்டார்கள்.

‘படகோட்டி’ மட்டும் விதிவிலக்கு. 1964 தீபாவளிக்கு வந்த படம். அடுத்த மாதமே புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அந்த ஒரு காரணத்தாலேயே எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தப் படமும் அந்தப் புயலும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. நான் அதை ஓட்டியது இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒட்டுப்போட்ட பழைய பிரிண்டில். எம்.ஜி.ஆரின் உடம்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்காது. யாரும் அதைக் கேட்கவில்லை. நம்பியார் மீனவர்களின் இரண்டு கூட்டத்தையும் மோதவிட்டு லாபம் பார்க்கிற முதலாளியாக வந்ததும், “நம்ம ஏவாரிதாண்டா இவன்” என்று ஒருவர் ஊரறிந்த ஒரு பெயரைச் சொல்ல, கொட்டகையே சிரித்தது. கடலைப் பற்றி அந்தப் படத்துக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கடனைப் பற்றி நன்றாகத் தெரியும். எங்களுக்கு அது போதும்.

நான் கேட்டதிலேயே நல்ல விமர்சனம் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டது. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, 1979இல் வந்தது, எங்களுக்கு வந்தது ரொம்பத் தாமதமாக. கடைசியில் ஊரே கூடி நின்று சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்க வைக்கும். அவன் போகிறான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காட்சி விட்டதும் வயதான தண்டல் ஒருவர், படகை நடத்துகிறவர், சைக்கிளை எடுக்காமல் நின்றார். “என்ன தம்பி இது, ஒருத்தன் தண்ணியில போறான், கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்காய்ங்க. நம்ம பக்கம் பகையாளியா இருந்தாலும் கயிறு வீசுவோமேப்பா” என்றார். அவர் படத்தைக் குறை சொல்கிறார் என்று நினைத்து, “அவன் கெட்டவன்ல்லண்ணே” என்றேன். “அவன் கெட்டவன், சரி. இவய்ங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஊரையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதாக அந்தச் சுந்தரவடிவேலுவே சாகப்போகும் முன்பு சொல்வான். அதை நான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், காதில் ஏறவில்லை. கடலில் பிழைக்கிற ஆள் வந்து கோபப்பட்ட பிறகுதான் ஏறியது.

2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஓடியபோது மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். தொடக்கத்தில் இலங்கையிலிருந்து படகில் ஆட்கள் வருவார்கள். அந்த ரீல் முழுக்க ஒரு பீடி கூடப் பற்றவில்லை. மேலிருந்து பார்த்தால் பீடி நெருப்பு மின்மினி மாதிரி தெரியும், அதை வைத்துத்தான் நான் கூட்டத்தின் மனதைக் கணக்குப் போடுவேன். அன்றைக்குக் கும்மிருட்டு. அவர்களில் ஒருவரும் அந்தக் காட்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாட்டு நல்லா இருந்தது என்றார்கள்.

இப்போது என் தங்கை மகன் போனிலேயே படம் பார்க்கிறான், படம் பார்ப்பதற்கு முன்னால் விமர்சனத்தையும் பார்க்கிறான். எல்லா விமர்சனத்திலும் ஒரே சொல்: ‘லேக்’. முதல் பாதி ஓகே, செகண்ட் ஹாஃப் லேக். 2024இல் ‘மெய்யழகன்’ வந்தபோது படம் நீளம் என்று பலரும் சொல்ல, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் குறைத்தார்கள். இப்போது கத்தரி வேண்டாம், பிசின் வேண்டாம், எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் குறைந்துவிடும். பையன் “மாமா, குறைச்சது நல்லதுதானே?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. நீளமான படம் வேறு, இழுக்கிற படம் வேறு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதுதான் சங்கடம். நானும் வெட்டியவன்.

எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம். பெரிதாக ஓடாத, நல்ல படம். இரண்டாம் ஆட்டம் முடிய ஒரு மணி ஆகிவிடும். கடைசி பஸ் போய்விடும், விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்துபோவார்கள். “பத்து நிமிஷம் எடுத்துரு” என்று மேலே இருந்து சொன்னார்கள். எதை எடுப்பது என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் நிறைய கொட்டகைகளில் நடந்ததுதான், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. எந்த இடத்தில் ஆட்கள் எழுகிறார்கள் என்று எனக்கு அத்துப்படி. முதலில் ஒரு பாட்டு, ஒரு காமெடி. அப்புறம் ஒன்பதாவது ரீலில் ஒரு துண்டு.

லாரிக்குப் போன புருஷன் வரவில்லை. மனைவி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு இல்லை, இசை இல்லை. ஒரு தரம் எழுந்து உள்ளே போகிறாள், ஏதோ செய்கிறாள், திரும்ப வந்து உட்காருகிறாள். அவ்வளவுதான். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் ஃபிலிம். அந்தத் துண்டு சுமார் 200 அடி. ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடத்தில் பத்துப் பதினைந்து பேர் எழுந்து வெளியே போவார்கள். எனவே வெட்டினேன், ஒட்டினேன், துண்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் மாலை ஆட்டம் விட்டதும் கேபின் படிக்கட்டின் கீழே ஒரு அக்கா நின்றார். சந்தையில் கருவாடு விற்கிறவர், பார்த்த முகம். கூடவே கல்யாணம் ஆகாத மகள்.

“தம்பி, அவ சோத்துல தண்ணி ஊத்துவாளே, அது எங்க?”

எனக்குப் புரியவில்லை. எந்தச் சோறு என்றேன்.

“முந்தாநேத்து நான் பாத்தேனே. திண்ணையில இருந்தவ உள்ள போயி சோத்துப் பானையில தண்ணிய ஊத்திட்டு வந்து ஒக்காருவா. அதக் காட்டத்தான் இவளக் கூட்டியாந்தேன். இவ என்னடான்னா, வந்த மனுசனுக்கு பழைய சோத்தப் போடுறாளே, அம்புட்டுத் திமிரான்னு கேக்குறா.”

நான் அந்தத் துண்டைப் பத்துத் தரத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவள் உள்ளே போவது தெரியும். பானையைத் திறப்பது தெரியும். தண்ணீர் ஊற்றுவதும் கண்ணில் பட்டிருக்கும். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் என்ன அர்த்தம் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்: இனிமேல் சாப்பிட ஆள் வரப்போவதில்லை. கடலுக்குப் போன வீடுகளில் அதை எந்நேரம் ஊற்றுவது என்பது பெரிய விஷயம். என் அம்மா அப்பாவுக்காக வைத்திருந்து வைத்திருந்து, நடுச்சாமம் தாண்டித்தான் ஊற்றுவாள். அந்தப் பெண் திண்ணையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்பதைப் பார்க்காமல் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த இயக்குநர் அவ்வளவு நேரம் உட்கார வைத்திருக்கிறார். விடிகாலையில் அவன் வந்து நிற்கும்போது அவள் பேசாமல் அந்தப் பழைய சோற்றை எடுத்து வைப்பாள். நான் 200 அடியை எடுத்ததும், காத்துக்கிடந்தவள் திமிர்பிடித்தவள் ஆகிவிட்டாள்.

எழுந்து போனவர்களை மேலிருந்து எண்ணிவிட்டேன். அந்த அக்கா மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களை இருட்டில் எப்படி எண்ணுவது? பெண்கள் பக்கத்திலிருந்து பீடி நெருப்பும் தெரியாது.

“பிரிண்ட் கிழிஞ்சிருச்சுக்கா” என்று பொய் சொன்னேன். “நல்ல எடமாப் பாத்துக் கிழிஞ்சிருக்கு” என்றுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு இரண்டாம் ஆட்டத்துக்கு முன்னால் துண்டைத் திரும்ப ஒட்டினேன். ஒட்டுக்காக இரண்டு பக்கமும் சுரண்ட வேண்டும், ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு பிரேம் போய்விடும். அவள் எழுந்திருக்கிற இடத்தில் படம் லேசாகக் குதித்தது. பத்து நிமிஷக் கணக்கு என்ன ஆச்சு என்று மேலே இருந்து கேட்டார்கள், இன்னொரு பாட்டை எடுத்துக் கணக்கைச் சரிசெய்தேன். அந்த அக்காவைச் சந்தையில் பார்க்கும்போது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது, இரவே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பெட்டியை பஸ்ஸில் ஏற்றும் முன் ஒரு காகிதத்தில் எழுதி ஒன்பதாவது ரீல் டப்பாவுக்குள் வைத்தேன்: ‘அண்ணே, இதில் ஒட்டு இருக்கிறது. திண்ணைக் காட்சியை வெட்ட வேண்டாம். சோற்றில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கவும்.’ அடுத்த ஊர் ஆபரேட்டர் யார் என்று எனக்குத் தெரியாது. அண்ணே என்று போட்டால் கொஞ்சம் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு வருஷம் கழித்து, வேறு படம் கிடைக்காத ஒரு வாரத்தில் அதே பிரிண்ட் எங்களுக்கே திரும்பி வந்தது. ஒன்பதாவது ரீலைத்தான் முதலில் திறந்தேன். திண்ணை இல்லை, சோறு இல்லை. என் காகிதம் மட்டும் எண்ணெய்க் கறையோடு டப்பாவின் அடியில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: ‘பார்த்தேன் தம்பி. முதலாளி விடவில்லை.’