அழைப்புப் பதிவுக் கருவி வாங்கும் முன்

எங்கள் அலுவலகத்துக்கு அழைப்புகளைப் பதிவுசெய்யும் கருவி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று வாரம் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

விலை கேட்கும் முன் உங்கள் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். சாதாரண அனலாக் லைன் என்றால் லைனுக்கு ஒரு சேனல் (ஒரு நேரத்தில் ஓர் அழைப்பைப் பதிவுசெய்யும் வழி). பிஆர்ஐ என்பது ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் டிஜிட்டல் லைன்; அதில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் ஓடும். எனவே 30 சேனல் வேண்டும். வெளியிலிருந்து வரும் லைனில் மாட்டினால், அலுவலகத்துக்குள் எக்ஸ்டென்ஷனிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்குப் பேசுவது பதிவாகாது. இதை விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை.

பதிவுகளைச் சேமிக்கும் இடம் பெரிய கவலையில்லை. சுருக்காமல் நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தாலே ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 29 எம்பிதான்.

தேடும் வசதிதான் உயிர். பழைய கருவியில் நேரம் இருந்தது, அழைத்தவர் எண் இல்லை. பணம் கட்டியதாகச் சொன்ன ஒரு வயதான அம்மாவின் அழைப்பைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த இரண்டு நாளும் அவரை நாங்கள் சந்தேகப்பட்டோமே என்று இன்னும் வலிக்கிறது.

அதனால் இந்த முறை, எங்கள் லைனிலேயே ஒரு வாரம் மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டேன். அப்புறம், ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்ற அறிவிப்பு முதலிலேயே வர வேண்டும். எந்தப் பதிவை யார் திறந்து கேட்டார்கள் என்ற விவரமும் கருவியில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கருவிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.