குரூப் 4: எதையெல்லாம் விட்டுவிடலாம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்காரும் தம்பி, தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பதிப்பகத்துப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். அடுத்தது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தீர்கள்?" அப்புறம், "இந்த வருஷம் கட்-ஆஃப், அதாவது தேர்வாகக் குறைந்தது எடுக்க வேண்டிய மதிப்பெண், எவ்வளவு போகும்?" மூன்றுக்கும் என்ன பதில் சொன்னாலும் அவர்களுக்கு ஒரு மதிப்பெண்கூட ஏறப்போவதில்லை. இந்தத் தேர்வை எழுதித்தான் நான் இப்போது பார்க்கும் வேலைக்கு வந்தேன். லீவு நாட்களில் எங்கள் ஊர் நூலகத்தில் படிக்கிறவர்களோடு உட்காருவது வழக்கம். அங்கே பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வின் கணக்கைப் பாருங்கள். 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, கணக்கும் தர்க்கமும் சேர்ந்த திறனறிவில் 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். நேர்முகத் தேர்வு கிடையாது. இந்த ஒரே தாளில் எடுப்பதுதான் தரவரிசை. அதனால் எதைச் செய்யப் போனாலும், "இதனால் எனக்கு ஒரு கேள்வியாவது கூடுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிந்தாலும் தள்ளி வைத்துவிடலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்காததால் நேரம் எப்படிப் போகிறது என்பதற்கு ஓர் உதாரணம். நூலகத்துக்கு வரும் ஒரு தங்கை அறிவியலுக்கென்று தனி நோட்டுப் போட்டிருந்தாள். தலைப்பு சிவப்பில், வரையறை நீலத்தில், வாய்பாடு பச்சையில். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு பாடம் விடவில்லை. அத்தனை அழகான கையெழுத்து, அத்தனை உழைப்பு. ஆனால் 2025 தேர்வுக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் பொது அறிவியலுக்கு 5 கேள்விகள்தான். ஏழரை மதிப்பெண். அதே தாளில் இந்தியப் பொருளாதாரமும் தமிழகத்தின் வளர்ச்சி நிர்வாகமும் சேர்ந்து 20 கேள்விகள். தமிழகத்தின் வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் என்று இன்னொரு 20. இவற்றுக்கு அவளிடம் நோட்டே இல்லை. பள்ளியில் அறிவியல் பெரிய பாடம், புத்தகமும் தடி, அதனால் இங்கேயும் அதுதான் பெரிது என்று நினைத்துவிடுகிறோம். புத்தகத்தின் தடிமனுக்கும் கேள்வி எண்ணிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தமிழிலும் இதே கதைதான். சொல்லின் செல்வர் யார், கவிமணி யார் என்று அடைமொழிப் பட்டியலை மாதக்கணக்கில் உருப்போடுகிறார்கள். பழைய வினாத்தாள்களில் இது நிறைய வரும் என்பதால் பயிற்சி மையங்களும் அதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்போது இலக்கியம், தமிழறிஞர்கள் எல்லாம் சேர்த்து 15 கேள்விகள். இலக்கணத்துக்கு மட்டும் 25. பிரித்தெழுதுவது, சந்திப்பிழை, வேர்ச்சொல் இவற்றில் தினமும் கொஞ்சம் பயிற்சி செய்தவருக்குத்தான் தமிழ்ப் பகுதி கைகொடுக்கிறது. தமிழில் 150-க்கு 60 வராவிட்டால் மீதி 100 கேள்விகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே இங்கே எதைப் படிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

திறனறிவில் முழுப் புத்தகத்தையும் போட்டு முடிக்க வேண்டும் என்ற பயத்திலேயே பலர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். 25 கேள்வி என்றால் முப்பத்தேழரை மதிப்பெண், தள்ளக்கூடியதா? சூத்திரங்கள் நிறையத் தெரிய வேண்டும் என்பதும் வெறும் பயம்தான். 5,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம், 2 ஆண்டுகள். கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், முதல் வருஷ வட்டி 400. அந்த 400-க்கு 8 சதவீதம் 32. முடிந்தது. ஏன் இப்படி வருகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொண்டால், எண்களை எப்படி மாற்றிக் கேட்டாலும் வராமல் போகாது. இப்படி ஒரு மாதிரிக்கு நாலைந்து கணக்கு போதும்.

எத்தனை மணி நேரம் என்பதற்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு மணி நேரம் படிக்கிறவரும் தேர்வாகிறார், வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று மணி நேரம் படிக்கிறவரும் தேர்வாகிறார். மாதிரித் தேர்வு எழுதிய பிறகு தப்பான கேள்விகளோடு யார் உட்காருகிறார் என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது. பெரும்பாலானோர் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும், தெரியாமல் போட்டதா, தெரிந்தும் அவசரத்தில் போட்டதா என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

பிரபலமான பயிற்சி மையத்தில் சேர முடியவில்லையே என்று யாரும் மனம் உடைய வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் கட்டணம் இல்லாமல் வகுப்பு நடக்கிறது. பள்ளிப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

காலியிட எண்ணிக்கை, கட்-ஆஃப் இரண்டும் தூக்கத்தைக் கெடுப்பவை. 2022-இல் 7,301, 2024-இல் 6,244, 2025-இல் 3,935 என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பில் இருந்த எண்ணிக்கை பிறகு கூடியதும் உண்டு. கட்-ஆஃப் அந்த எண்ணிக்கையையும் இடஒதுக்கீட்டையும் பொறுத்தது. டெலிகிராமில் ஓட்டெடுப்பு நடத்தி யாரும் அதைக் கண்டுபிடித்துவிட முடியாது. லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள் என்ற செய்தியும் அப்படித்தான். அவர்களில் ஒழுங்காகப் படித்து வருபவர் எத்தனை பேர் என்று செய்தியில் போடுவதில்லை.

இதற்கு நேர்மாறாக, சின்னதாகத் தெரிந்து பெரிதாக இடிக்கும் விஷயம் இரண்டு உண்டு. ஒன்று, விடைத்தாள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இருக்கும் வட்டங்களில் நான்கு விடைகளுக்கு, ஐந்தாவது 'விடை தெரியவில்லை' என்பதற்கு. பயந்துபோய் அதை நிரப்பிக்கொண்டே போகாதீர்கள். நான்கில் இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று தெரிந்தால்கூட மீதியில் ஒன்றை நிரப்பிவிட்டு நகருங்கள். வட்டத்தை நிரப்புவதற்கும் நேரம் பிடிக்கும், வீட்டில் எழுதும் மாதிரித் தேர்விலேயே கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிப் பழகுங்கள்.

இன்னொன்று, தமிழ்வழிச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடங்களில் முன்னுரிமை இருக்கிறது. குரூப் 4-க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். ஆரம்பப் பள்ளி ஓர் ஊரில், உயர்நிலைப் பள்ளி இன்னோர் ஊரில் என்றால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே சில பள்ளிகளில் நாளாகும், தலைமையாசிரியர் லீவில் இருப்பார். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் மூச்சு வாங்கும். பள்ளி திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, மாற்றுச் சான்றிதழ் நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.